சில்லறைக்கு ஓர் ஊர், மொத்தத்துக்கு ஓர் ஊர்: ஊழல் பற்றிய கேள்விகளும் பதில்களும்

லஞ்சம், ஊழல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நாற்பதுக்கு மேல் வந்து குவிந்துவிட்டன. பாதி, "இன்ன ஆபீசில் இன்னார் இவ்வளவு கேட்கிறார்" என்ற புகார்கள். அதற்கு நான் ஆள் இல்லை. என்ன செய்யலாம் என்பதைக் கீழே ஓரிடத்தில் சொல்லியிருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: அரசுத் தணிக்கையில் 31 வருடம், அப்புறம் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் ஆறு வருடம் கணக்கு. இப்போது கோபி பக்கம் தோட்டமும் பேரனும்.

பீளமேடு, கல்லூரி மாணவி: ஊழல் பட்டியலில் டென்மார்க் முதலிடம், இந்தியா 96-ஆவது இடம் என்று படித்தேன். இந்தப் பட்டியலை நம்பலாமா ஐயா?

நம்பலாம் அம்மிணி, எதை அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு நம்பலாம். பெர்லினில் இருக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1995 முதல் இதை வெளியிடுகிறது. 0 வாங்கினால் படுமோசம், 100 வாங்கினால் சுத்தம். நீங்கள் சொல்வது 2024-ஆம் ஆண்டுப் பட்டியல். அதில் டென்மார்க்குக்கு 90, சிங்கப்பூருக்கு 84, நமக்கு 38.

ஆனால் யார் எவ்வளவு வாங்கினார் என்று எண்ணிப் போட்ட மார்க் இல்லை இது. தொழில் செய்கிறவர்களிடமும் விவரம் தெரிந்தவர்களிடமும் "அந்த நாட்டு அரசாங்கத்தில் ஊழல் எப்படி?" என்று விசாரித்துப் போட்டது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையைக் குத்தி சாம்பிள் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். இவர்கள் மூட்டையைக் குத்துவதில்லை. மண்டிக்கு வந்துபோகிறவர்களிடம் சரக்கு எப்படி என்று கேட்டு விலை போடுகிறார்கள். பத்துப் பேரும் ஒன்றையே சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மண்டிக்கே வராத மூட்டைதான் கணக்கில் விட்டுப்போகும்.

அப்படி ஒரு மூட்டை. டென்மார்க்கின் மிகப்பெரிய வங்கி டான்ஸ்கே பேங்க். அதன் எஸ்டோனியா கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ போய்வந்தது. அதில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் வந்த சந்தேகப் பணம். கொள்ளை நடந்த நாட்டுக்கு மார்க் குறைந்தது. அந்தப் பணத்துக்குக் கதவு திறந்துவிட்ட வங்கியின் நாடு பட்டியலில் உச்சியிலேயே இருந்தது. டென்மார்க்கில் சான்றிதழுக்குப் போனால் யாரும் காசு கேட்கமாட்டார்கள் என்பதும் உண்மைதான். இரண்டும் ஒரே நாடு.

அதனால் நான் ஊழலைக் கடைக்காரன் மாதிரி இரண்டாகப் பிரித்துத்தான் பார்ப்பேன். உங்களுக்குச் சேரவேண்டியதையே நிறுத்திவைத்துக் காசு கேட்டால் சில்லறை. யாருக்கும் சேரக்கூடாத ஒன்றை, ஒரு டெண்டரையோ சுரங்கத்தையோ சட்டத்திருத்தத்தையோ, ஒருவருக்கு முடித்துக்கொடுத்தால் மொத்தம். சில்லறை எல்லார் கண்ணிலும் படும். மொத்தம் படாது. எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு வரும் முதல் சந்தேகம்: சில்லறை ஒழிந்துவிட்டதா, இல்லை கடையை மாடிக்கு மாற்றிவிட்டார்களா?

நாமக்கல், லாரி உரிமையாளர்: ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரி செக்போஸ்ட்டை எல்லாம் எடுத்தாங்க. வழிச்செலவு பாதியாயிடும்னு நினைச்சோம். ஆகலையே, ஏனுங்க?

வந்த கேள்விகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இதற்கு லாரியில் ஏறிப்போய்ப் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்தோனேசியாவில் ஆச்சே என்று ஒரு மாகாணம். பேட்ரிக் பேரன், பெஞ்சமின் ஓல்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 2005 கடைசியிலிருந்து 2006 நடுப்பகுதி வரை, லாரிகளில் கூடமாட ஆள் போட்டு அனுப்பினார்கள். மொத்தம் 304 டிரிப். எங்கே கை காட்டி நிறுத்தினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், நோட்டா சிகரெட்டா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். 6,000 தடவைக்கு மேல் கைமாறியிருக்கிறது. ஒரு டிரிப்பின் செலவில் 13 சதவீதம் இதற்கே போயிற்று. டிரைவர் சம்பளம் 10 சதவீதம்தான்.

அந்த நேரத்தில் அங்கே கிளர்ச்சியாளர்களோடு அரசுக்குச் சமாதான ஒப்பந்தம் ஆகி, ராணுவமும் போலீசும் ஆயிரக்கணக்கில் விலகிக்கொண்டிருந்தன. சாலையில் செக்போஸ்ட் குறைந்தது. உடனே மிச்சம் நின்றவர்கள் ரேட்டை ஏற்றிவிட்டார்கள்! மொத்தச் செலவு குறைந்தது, ஆனால் செக்போஸ்ட் குறைந்த கணக்குக்குக் குறையவில்லை. உங்கள் அனுபவமேதான். இன்னொன்றும் கண்டார்கள்: லாரி சேரவேண்டிய ஊரை நெருங்க நெருங்க ரேட் கூடுகிறது. காரணம் உங்களுக்குத் தெரியாததா? பாதி வழியில் என்றால் திரும்பிப் போவேன் என்று முறைக்கலாம். ஊர் எல்லையில் நிற்கும்போது டீசல், டோல், நாள் எல்லாம் செலவாகிவிட்டது. நம் பேச்சு எடுபடாது.

தனித்தனி ஆளாக நின்று வாங்கும்போது எவனுக்கும் அடுத்தவன் பங்கைப் பற்றிக் கவலையில்லை. எல்லாரும் சேர்ந்து உறிஞ்சி லாரித் தொழிலே படுத்தாலும், அது யார் தலையிலும் விடியாது. ஒரே ஆள் மொத்தமாக வாங்கினால் அவனுக்கு அந்தக் கவலை உண்டு. நாளைக்கும் லாரி ஓடினால்தான் காசு. அதே இந்தோனேசியாவில் அதிபர் சுகார்த்தோ அப்படித்தான் 1998 வரை ஆண்டார். அவர் குடும்பம் 1,500 கோடியிலிருந்து 3,500 கோடி டாலர் வரை சுருட்டியிருக்கலாம் என்று 2004-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அவர் ஆண்ட 30 வருடத்தில் பெரும்பாலும் அங்கே தொழில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ரேட் தெரியும், ஒரு தடவை கொடுத்தால் வேலை முடியும். அவர் போனதும் மாவட்டத்துக்கு மாவட்டம் கை நீண்டது என்று அங்கே தொழில் செய்தவர்கள் புலம்பினார்கள். இதை வைத்து "அப்போ சர்வாதிகாரமே தேவலை" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ஏன் வலிக்கிறது என்பதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

நாமக்கல் டிரைவர்கள் டிரிப் முடிந்து கொடுக்கும் கணக்குச் சீட்டு என்னிடம் ஒன்று இருக்கிறது. டீசல், டோல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், சாப்பாடு. அதற்குக் கீழே கையெழுத்து கொஞ்சம் சிறிதாகி, "ஆர்.டி.ஓ.", "போலீஸ்", "இதர". பஞ்சருக்கு ரசீது பின்னால் குத்தியிருந்தது.

திருச்செங்கோடு, ரிக் வண்டி: போர்வெல் போட கென்யா போயிருந்தோம். அங்கேயும் 'சாய்'னுதான் கேக்கறாங்க! உலகம் பூரா டீதானா?

பெரும்பாலும் டீதான். கென்யாவில் "சாய்", இன்னும் நாசூக்காக "கிட்டு கிடோகோ", அதாவது "சின்னதா ஏதாவது". பழைய ஹாங்காங்கில் "டீக்காசு". வட இந்தியாவில் "சாய்-பானி". மெக்சிகோக்காரர்கள் மட்டும் ஒளிக்காமல் "மொர்திதா" என்பார்கள். கடி என்று அர்த்தம். ஜெர்மன்காரர்கள் தொழிற்சாலைக்காரர்கள் அல்லவா, அவர்கள் சொல்லுக்கு "கிரீஸ் பணம்" என்று பொருள்.

நம் "மாமூல்" அரபியிலிருந்து வந்தது. வழக்கமானது என்று அர்த்தம். "என்ன, மாமூலா சாப்பிடறதுதானே?" என்று ஓட்டலில் கேட்பதும் இதுவேதான். லஞ்சத்துக்கு வழக்கம் என்று பெயர் வைத்த ஊரில் கொடுக்காதவன்தான் வழக்கத்தை மீறியவன் ஆகிறான்.

திருப்பூர், ஏற்றுமதியாளர்: ஜெர்மன் பையர் 40 பக்கத்துக்கு நன்னடத்தை விதி அனுப்பிக் கையெழுத்து கேக்கறார். அவங்க ஊர்ல எல்லாரும் அரிச்சந்திரனுங்களா?

அவர் ஊரில் பிறநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தை 1999 வரை தொழில் செலவாக எழுதி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். கதை இல்லை, சட்டப்படியே. உள்ளூர் அதிகாரிக்குக் கொடுத்தால் ஜெயில், வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்தால் வரிச்சலுகை. பணக்கார நாடுகள் கூடி 1997-இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது ஒழிந்தது. அப்புறம் 2008-இல் சீமென்ஸ் கம்பெனி பல நாடுகளில் லஞ்சம் கொடுத்த வழக்குகளில், அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்குமாகச் சேர்த்து 160 கோடி டாலர் கட்டியது. உங்கள் 40 பக்கம் அந்த பயத்தில் பிறந்தது.

அமெரிக்காக்காரர்கள் 1977-லேயே இதற்குச் சட்டம் போட்டவர்கள். அதிலும் ஒரு சந்து உண்டு: வழக்கமாக நடக்கவேண்டிய வேலையைச் சீக்கிரம் முடிக்க வெளிநாட்டில் கொடுக்கும் சின்னத் தொகை குற்றத்தில் சேராது. சில்லறைக்கு விலக்கு, மொத்தத்துக்குத் தண்டனை. பிரிட்டனின் 2010 சட்டத்தில் அந்தச் சந்தும் இல்லை. வேறு பையர்கள் இப்படி அனுப்பினால், எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கம்பெனியில் இருந்தபோது ஒரு தடவை பையர் தரப்பிலிருந்து ஆடிட்டர் வந்தார். ஓவர்டைம் ரெஜிஸ்டர் இரண்டு இருப்பதை மூக்கால் மோப்பம் பிடித்துவிட்டார். எங்கள் எம்.டி.க்கு வேர்த்துவிட்டது. கவர் நீட்டினால் வாங்கமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார் மனிதர். கிளம்பும்போது மட்டும் சாம்பிள் ரூமில் நின்று, குழந்தைகள் சைஸில் இரண்டு டஜன், பெரியவர்கள் சைஸில் ஒரு டஜன் எடுத்து வைக்கச் சொன்னார். டிரைவர் எண்ணி ஏற்றினான். ரிப்போர்ட்டில் ஒரு ரெஜிஸ்டர்தான் இருந்தது.

காங்கயம்: சிங்கப்பூர் மாதிரி சம்பளத்தை ஏத்திக் குடுத்துட்டா யாரும் கை நீட்டமாட்டாங்கதானே?

வரிசையை மாற்றிச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் லஞ்ச ஒழிப்பு அமைப்பு 1952-இல் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தது. அதற்கு முந்தின வருடம் போலீஸ்காரர்களே கூட்டுச் சேர்ந்து கடத்தல் அபினைக் கொள்ளையடித்ததுதான் காரணம். கடுமையான சட்டம் 1960-இல். மந்திரி சம்பளத்தைத் தனியார் துறை உச்சத்தோடு கட்டிவைத்தது 1994-இல். முதலில் பிடித்தார்கள், முப்பது வருடம் கழித்துத்தான் அள்ளிக் கொடுத்தார்கள். அவ்வளவு சம்பளம் வாங்கிய மந்திரி ஈஸ்வரனுக்கு 2024 அக்டோபரில் 12 மாதம் சிறை. கார் பந்தய டிக்கெட், நாடக டிக்கெட், விஸ்கி, சைக்கிள் என்று 4 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் பரிசு வாங்கிய விவகாரம் அது.

இதைவிட ஹாங்காங் கதை நமக்குப் பாடம். 1960-களில் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அம்மாள் தண்ணீர் கொண்டுவரவே டீக்காசு கேட்பார். போலீசில் வசூல் பஸ் மாதிரி ஓடியது. புதிதாகச் சேர்ந்தவனிடம் சொல்வார்களாம்: பஸ்ஸில் ஏறிக்கொள், இல்லையா பக்கத்தில் ஓடி வா, முன்னால் மட்டும் நிற்காதே. 1973-இல் பீட்டர் காட்பர் என்ற வெள்ளைக்கார போலீஸ் உயரதிகாரி, வரவுக்கு மீறி 43 லட்சம் ஹாங்காங் டாலர் சேர்த்தது தெரிந்து, விசாரணை நடக்கும்போதே விமானம் ஏறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஊரே தெருவுக்கு வந்தது. 1974-இல் போலீசுக்குச் சம்பந்தமில்லாமல் நேரே கவர்னருக்குப் பதில் சொல்லும் தனி ஆணையம் அமைத்தார்கள். காட்பரைக் கொண்டுவந்து நாலு வருடம் உள்ளே வைத்தார்கள்.

அடுத்து நடந்ததைப் பலர் சொல்வதில்லை. 1977-இல் போலீஸ்காரர்கள் ஆணையத்தின் ஆபீசுக்குள்ளேயே புகுந்து அடித்தார்கள். கவர்னர் இறங்கிவந்தார்: அந்த வருடம் ஜனவரி 1-க்கு முந்தைய தப்புகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம், இனி செய்தால் விடமாட்டோம். நியாயமா என்றால் இல்லை. ஆனால் பழைய கணக்கை மூடாமல் இருந்திருந்தால் ஒரு துறை முழுக்க எதிரே நின்றிருக்கும். எனக்கு இதில் இன்னும் மனசு ஒரு முடிவுக்கு வரவில்லை.

கோபி, ஒரு தாய்: என் மகள் 12 வருசமா அமெரிக்காவுல இருக்கா. ஒரு டாலர் லஞ்சம் குடுத்ததில்லைங்கறா. நம்ம ஊர் எப்பங்க அப்படி ஆகும்?

உங்கள் மகள் சொல்வது நிஜம். லைசென்ஸ், வீட்டுப் பதிவு எதற்கும் கேட்கமாட்டார்கள். அங்கே கடை மாடியில் இருக்கிறது.

2010-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம், தேர்தல் பிரசாரத்துக்குக் கம்பெனிகள் தனியாகச் செலவழிப்பதற்கு வரம்பு போடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2016-இல் இன்னொரு தீர்ப்பு. வர்ஜீனியா கவர்னராக இருந்த பாப் மெக்டொனல், ஒரு தொழிலதிபரிடம் ரோலக்ஸ் வாட்ச் உட்பட 1,75,000 டாலருக்கு மேல் பரிசும் கடனும் வாங்கினார். பதிலுக்கு அதிகாரிகளோடு சந்திப்பு ஏற்பாடு செய்துகொடுத்தார். ஆளை அறிமுகம் செய்துவைப்பது மட்டும் 'அரசுச் செயல்' ஆகாது என்று தண்டனையை ரத்து செய்துவிட்டார்கள், எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக. 2024-இல் மூன்றாவது. இந்தியானா மாநிலத்தில் ஒரு ஊர் மேயர், குப்பை லாரி வாங்கும் ஒப்பந்தத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவர்களிடம் 13,000 டாலர் வாங்கினார். முன்னால் பேசி வாங்கினால்தான் அந்தச் சட்டப்படி லஞ்சம், வேலை முடிந்தபின் நன்றிக்குக் கொடுத்தால் அதில் வராது என்று தீர்ப்பு. நம் சட்டத்தில் பின்னால் வாங்கினாலும் குற்றம்தான்.

நாமும் மொத்த வியாபாரத்தில் பின்தங்கவில்லை. 2018-இல் தேர்தல் பத்திரம் வந்தது. யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்று ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரியாமல் கொடுக்க வங்கியிலேயே கவுன்டர். 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கியது. அந்த ஆறு வருடமும் தாலுகா ஆபீசில் பழைய ரேட்தான். நமக்கு இரண்டு மாடியிலும் கடை.

பல்லடம்: ஊழல் நம்ம ரத்தத்துலயே இருக்குங்க. சட்டம் போட்டு என்ன?

ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த ஒரு கணக்கு இருக்கிறது. நியூயார்க்கில் ஐ.நா. தூதர்கள் காரைக் கண்ட இடத்தில் நிறுத்தினால் டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, எழுதுவார்கள், ஆனால் கட்டச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. எல்லா நாட்டுக்காரரும் ஒரே ஊரில், ஒரே சலுகையோடு. 1997 நவம்பர் முதல் ஐந்து வருடத்தில் 1,50,000-க்கு மேல் டிக்கெட் கட்டாமல் கிடந்தது, 1.8 கோடி டாலர். ஃபிஸ்மன், மிகல் என்ற இரு பொருளியலாளர்கள் நாடுவாரியாகப் பிரித்தார்கள். சுவீடன், நார்வே தூதர்கள் பெயரில் ஒன்றுகூட இல்லை. முதலிடம் குவைத். ஊழல் மலிந்த நாட்டுக்காரர்கள் பொதுவாக மேலே இருந்தார்கள். இதுவரை உங்கள் பக்கம்.

2002 கடைசியில், கட்டாதவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட நகராட்சிக்கு அதிகாரம் கிடைத்தது. கட்டாத டிக்கெட் ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்துபோயிற்று. ரத்தம் மாறவில்லை, பிளேட்தான்.

வெள்ளகோவில், கடைமடை விவசாயி: வாய்க்கால்ல தண்ணி விட்டா மேல இருக்கறவங்க காசு குடுத்துத் திருப்பிக்கறாங்க. மடை பாக்கற ஆள மாத்துனா சரியாகுமா?

ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் தென்னிந்தியாவில் ஒரு வாய்க்கால் பாசனப் பகுதியில் வருடக்கணக்கில் சுற்றி 1982-இல் எழுதினார். அவர் தோண்டத் தோண்டக் கண்டது: மடையில் வாங்கும் காசு மடை ஆளோடு நிற்பதில்லை. இன்ஜினியர் அந்த இடத்துக்கு மாற்றல் வாங்கவே விலை கொடுத்திருக்கிறார். காண்ட்ராக்ட் பில்லில் கழித்தும், விவசாயிகளிடம் வசூலித்தும் அந்தப் போட்ட காசை எடுக்கவேண்டும். வாங்காத நல்லவர் வந்தால் மேலே கொடுக்க அவரிடம் காசு இருக்காது. சீக்கிரம் தண்ணீர் இல்லாத இடத்துக்குத் தூக்கிவிடுவார்கள்.

அதனால் ஆளை மாற்றினால் அதே விலைக்கு இன்னொருவர் வருவார். விற்கப்படுவது தண்ணீர் என்று நினைக்கிறோம். முதலில் விற்கப்படுவது நாற்காலி. மாற்றலை யார், எந்த விதியில் போடுகிறார்கள் என்பதைக் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு விட்டீர்கள் என்று கேட்கும் மனுவைவிட அதற்குத்தான் அதிகம் வியர்க்கும்.

அவிநாசி: பட்டா மாறுதலுக்குக் குடுத்துட்டேன். இப்ப நானும் குற்றவாளியா?

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம்தான், ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், கொடுத்த ஏழு நாளுக்குள் போலீசிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ புகார் செய்தால் உங்கள்மேல் வராது. கொடுப்பதற்கு முன்னாலேயே போய்ச் சொன்னால் இன்னும் நல்லது. அவர்களே நோட்டு நம்பரைக் குறித்து, வெள்ளைப் பொடி தடவித் தருவார்கள். பினாப்தலின். வாங்கின கையைச் சலவைச் சோடாக் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஜா நிறமாகும். செய்தியில் 'ரசாயனம் தடவிய நோட்டு' என்று வருவது இதுதான்.

2011-இல், மத்திய அரசின் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு ஒரு யோசனை சொன்னார். உரிமையுள்ளதற்கே வேறு வழியில்லாமல் கொடுக்கிறவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள், காசைத் திருப்பிக் கொடுங்கள், அப்போது வெளியே சொல்ல அவருக்குத் தைரியம் வரும் என்று. பலர் பாய்ந்தார்கள். எனக்கு அது சரியாகப் பட்டது. சட்டம் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

கரூர்: தெரிஞ்சவரு மூலமா சிபாரிசு புடிக்கறது ஊழலாண்ணா?

காசு கைமாறாத ஊழல் என்று ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. சோவியத் ரஷ்யாவில் "பிளாட்", சீனாவில் "குவான்ஷி", அரபு நாடுகளில் "வாஸ்தா". துபாய் போய்வந்தவர்களைக் கேளுங்கள், வாஸ்தா இல்லாமல் அங்கே என்ன நடக்கும் என்று சொல்வார்கள். காசு இல்லாதவனுக்கும் மாமன் மச்சான் இருப்பான் என்பது இதில் உள்ள நல்லது. மாமன் மச்சான் அந்த ஆபீசில் இல்லாதவன் கதி என்ன என்பது கெட்டது. நம் பக்கத்தில் அது எந்தச் சாதிக்காரர்கள் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அன்பளிப்புக்கும் லஞ்சத்துக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் மொய் நோட்டு. யார், எவ்வளவு என்று எழுதி, திருப்பிச் செய்யும் கடன் அது. சபையில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஓர் அதிகாரி வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காண்ட்ராக்டர் 501 என்று எழுதச் சொல்லிவிட்டு, கவரை நேரே மேடைக்குக் கொண்டுபோனார்.

அரவக்குறிச்சி: ஓட்டுக்குக் காசு எங்க ஊர்ப் பேரையே கெடுத்துருச்சு. வேற நாட்டுல இப்படி உண்டா?

2016-இல் பணப்பட்டுவாடாவால் உங்கள் தொகுதியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலை நிறுத்தி நவம்பரில்தான் நடத்தினார்கள். மனசு விடாதீர்கள். இங்கிலாந்தில் தொகுதியையே கலைத்திருக்கிறார்கள். சட்பரி என்ற ஊரில் 1841-இல் ஓட்டை விலைக்கு வாங்கி ஜெயித்தவர் டைஸ் சோம்பர். மீரட் பக்கம் சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவின் வாரிசு, நம் நாட்டுப் பணம்! மறுவருடம் அவர் பதவி போயிற்று. 1844-இல் சட்பரிக்கு எம்.பி.யே கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள்.

1872-இல் ரகசிய ஓட்டு, 1883-இல் செலவுக்குக் கடும் வரம்பு. அதற்கப்புறம் மெல்லக் குறைந்தது. நமக்கு முதலிலிருந்தே ரகசிய ஓட்டு இருந்தும் ஏன் ஓயவில்லை என்றால், இங்கே யாரும் ஓட்டை வாங்குவதாக நினைத்துக் கொடுப்பதில்லை. இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்வார்கள் என்று கொடுப்பவருக்கே தெரியும். கொடுக்காவிட்டால் "நம்ம தெருவை மதிக்கலை" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குத்தான் விலை.

குன்னத்தூர்: தணிக்கையில 31 வருசம்னு சொல்றீங்க. நீங்க வாங்கினதே இல்லீங்களா?

யாராவது கேட்பார்கள் என்று தெரியும். கவர் வாங்கியதில்லை. தீபாவளிக்கு ஒரு தடவை இனிப்புப் பெட்டிக்கு அடியில் வைத்து வந்தது. கவரைத் திருப்பி அனுப்பினேன், மைசூர்பாகு வீட்டில் பிள்ளைகள் பிரித்துவிட்டார்கள்.

ஆனால் சாப்பாடு. தணிக்கைக்குப் போனால் பத்து நாள் அந்த ஆபீசிலேயே உட்கார்ந்திருப்போம். மதியம் மெஸ்ஸிலிருந்து இலைச் சாப்பாடு வரும், புதன்கிழமை பள்ளிபாளையம் சிக்கன். பணம் கொடுக்கப் போனால் "அட விடுங்க சார்" என்பார்கள். நாங்களும் விட்டோம். ஒரு பேரூராட்சிக்கு இரண்டு வருடம் கழித்து மறுபடி போனேன். சில்லறைச் செலவு வவுச்சர்களைப் புரட்டும்போது, கொசு மருந்து அடித்த கூலியாட்களுக்கு மதிய உணவு என்று பத்து வவுச்சர் வரிசையாக இருந்தது. தேதியைப் பார்த்தேன். நாங்கள் போன தடவை உட்கார்ந்திருந்த அதே பத்து நாள். புதன்கிழமைத் தொகை மட்டும் கொஞ்சம் கூட. எதிரே கிளார்க் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்திலும் டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டைப் பிரிக்கச் சொன்னேன்.